வகையை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். ஏதோ ஒரு தொடரில் பின்னணியில் ஒலித்த பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. தேடிப் பார்த்ததில் பாடியவர் கில்லியன் வெல்ச் என்று தெரிந்தது. அதேபோல் இன்னும் கேட்க ஆசைப்பட்டுச் செயலியில் 'அமெரிக்கானா' என்று போட்டால் நூறு பாட்டு கொட்டுகிறது, ஒன்றும் நிற்கவில்லை. ஃபோக், கன்ட்ரி, புளூகிராஸ், அமெரிக்கானா இவற்றுக்குள் என்ன வேறுபாடு, யாரிடமிருந்து தொடங்குவது, பாதி வார்த்தை பிடிபடாத உச்சரிப்பை வைத்துக்கொண்டு இதை ரசிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ராலேயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகவும், அங்கே நேரில் எங்கே கேட்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

வகைகளின் வேறுபாடு தெரிந்துவிட்டால் வழி திறக்கும் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அப்படித் திறக்கவில்லை. வேலை காரணமாக வட கரோலினாவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். அதில் ஒன்பது ஆண்டுகள் ஒரு சமூக வானொலியில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுப் பேசும் தன்னார்வலர் வேலை. பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஆகவே என் காது அப்பலேச்சிய மலைப்பக்கத்து இசைக்குப் பழகிய காது. லூசியானாவின் கேஜுன், டெக்சஸ் எல்லையோரத்து மெக்சிகோ வழி இசை இவற்றையெல்லாம் விரும்பிக் கேட்பேன், ஆனால் அவற்றில் வழிகாட்ட எனக்குத் தகுதி போதாது. அதைத் தெரிந்தவர்கள் தனியாகப் பதில் எழுதினால் நானும் படிப்பேன்.

பெயர்களை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்கானா என்ற பெயரை வைத்தது பெரும்பாலும் வானொலிக்காரர்களும் இசைத்தட்டு விற்றவர்களும். கன்ட்ரி என்பது தெற்கத்திக் கிராமப் பாட்டிலிருந்து வளர்ந்த வணிக இசை, அதன் தலைநகரம் நாஷ்வில். 1990களில் கன்ட்ரி வானொலி நிலையங்கள் மெருகேற்றிய நாஷ்வில் ஒலியின் பக்கம் சாய்ந்தபோது, அதற்குள் அடங்காத பாடகர்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. 1995இல் 'கேவின் ரிப்போர்ட்' என்ற வானொலித் தொழில் இதழ் இந்தப் பெயரில் ஒரு தரவரிசை வெளியிட்டது. 1999இல் நாஷ்வில்லில் அமெரிக்கானா இசைச் சங்கம் தொடங்கியது. 2010இல் கிராமியில் தனி விருது வந்தது. இவை உறுதியான செய்திகள். யார் அந்தக் கூரைக்குள், யார் வெளியே என்பது அவரவர் கருத்து, அதில் யார் சொல்வதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவற்றில் புளூகிராஸுக்கு மட்டும்தான் பிறந்த தேதி மாதிரி ஒன்று உண்டு. கென்டக்கிக்காரர் பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து மூன்று விரலால் பேஞ்சோ வாசிக்கத் தொடங்கியதும் அந்த ஒலி முழுதாக உருவாகிவிட்டது. ஃபோக் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது: எழுதியவர் யாரென்று தெரியாமல் வாய்வழி வந்த பாட்டும் ஃபோக், வூடி கத்ரி மாதிரி ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்து சொந்தமாக எழுதியதும் ஃபோக். அவ்வளவுதான். இதற்கு மேல் வகைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் யாரிடம் கற்றார், யாரோடு வாசித்தார் என்று அங்கிருந்து நடந்து போங்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் 'இது இன்னார் பாடாந்தரம்' என்பார்களே, அந்தக் காதுதான் இங்கேயும் வேண்டும். செயலியின் பட்டியல் இந்தத் தொடர்பை அறுத்துப்போட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நீட்டுகிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மனிதர்கள் இல்லாததால்தான் உங்களுக்கு எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஆள் ஏற்கெனவே கிடைத்துவிட்டார். கில்லியன் வெல்ச் நியூயார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். கல்லூரி நாட்களில் ஸ்டான்லி பிரதர்ஸ் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டதுதான் திருப்பம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாப் பெண் மலைக்காரர்களின் பாட்டைப் பாடலாமா என்று அந்தக் காலத்தில் விமர்சகர்கள் சண்டை போட்டார்கள். என் கருத்து, பாடலாம். ஆனால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாமல் மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு கேளுங்கள், காது கூர்மையாகும். 2001இல் வந்த அவருடைய 'டைம், தி ரெவலேட்டர்' தொகுப்பை ஒரு வாரம் அதை மட்டுமே கேளுங்கள். இரண்டு குரல், இரண்டு கிட்டார், பெரும்பாலும் வேறு எதுவும் இல்லை. கூட வாசிப்பவர் டேவிட் ராலிங்ஸ். அவர் கையில் இருப்பது 1935இல் செய்த எபிஃபோன் ஒலிம்பிக் என்ற சின்ன கிட்டார். அந்தக் காலத்திலேயே விலை மலிவான ரகம். அதன் ஒலியில் கார்வை குறைவு, பல்லால் கடித்த மாதிரி சட்டென்று வந்து சட்டென்று போகும். வெல்ச் ஒரு சொல்லை நீட்டும் இடத்தில் ராலிங்ஸ் மெட்டுக்குச் சேராத ஒரு சுரத்தைத் தொட்டு, நமக்கு முள் குத்தியதுபோல் இருக்கும்போது அதைச் சரியான சுரத்துக்கு இறக்குவார். முதல் நாள் இது காதில் விழாது. நான்காம் நாள் விழும். விழுந்த பிறகு வேறு எந்தப் பாட்டையும் அதே மாதிரி கேட்க முடியாது.

அடுத்த வாரம் ஸ்டான்லி பிரதர்ஸிடம் போங்கள். வர்ஜீனியாவின் மலைக்கோடியில் பிறந்த கார்ட்டர், ரால்ஃப் என்ற சகோதரர்கள். ரால்ஃபுக்குப் பேஞ்சோ சொல்லிக்கொடுத்தவர் அவர் அம்மா. அங்கே நிற்காமல் இன்னும் பின்னால் போனால் கார்ட்டர் ஃபேமிலி வரும். பெயர் ஒத்துப்போகிறதே தவிர இவர்கள் வேறு குடும்பம். 1927 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாக விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ரால்ஃப் பியர், டென்னசி, வர்ஜீனியா எல்லைக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் பிரிஸ்டல் ஊரில் ஒலிப்பதிவு நடத்தினார். அதற்குத்தான் ஏ. பி. கார்ட்டரும், மனைவி சாராவும், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த பதினெட்டு வயது மேபெல்லும் மலைப்பாதையில் காரில் வந்தார்கள். கட்டை விரலால் கனத்த தந்திகளில் மெட்டை எடுத்துக்கொண்டு மற்ற விரலால் மேல் தந்திகளைத் தட்டித் தாளம் போடும் மேபெல்லின் கை, அடுத்த நூறு ஆண்டு கிட்டார் வாசிப்பையே மாற்றிவிட்டது. கார்ட்டர்கள் பாடிய பாட்டுகளில் பல, ஏ. பி. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவை. அவரோடு போய் மெட்டுகளை மனதில் பதிய வைத்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார்க்காரர். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இருக்காது, காதில் இருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறைச் சொல்ல வேண்டும். மலைப்பக்கத்து அமெரிக்க இசை பிரிட்டனிலிருந்து அப்படியே கப்பலேறி வந்தது என்று பலரும் எழுதுவார்கள். பாதி உண்மை. ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கதைப்பாட்டுகள் வந்தன. ஆனால் பேஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் கருவி. சுரைக்குடுவையில் தோல் போர்த்திச் செய்த கருவிகளின் வாரிசு. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பேஞ்சோ என்று சொல்லும் பொத்தான் வைத்த புல்புல்தாரா இதற்குச் சம்பந்தமில்லாதது. இந்தப் பேஞ்சோவில் ஐந்தாவது தந்தி மற்ற நான்கையும்விடக் குட்டை. தண்டியின் நடுவில் தனிப் பிருடையில் கட்டியிருக்கும், அதைப் பெரும்பாலும் விரலால் அழுத்துவதே இல்லை. பழைய முறையில் ஆள்காட்டி விரலின் நகத்தால் ஒரு தந்தியை மேலிருந்து கீழே அடிப்பார்கள். அடித்த கையோடு கட்டை விரல் அந்தக் குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்து, கை எழும்பும்போது அதைச் சுண்டிவிடும். மெட்டு எங்கே போனாலும் அந்த ஒரே சுரம் மேலே விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்பூரா சுருதியில் வளர்ந்த காதுக்கு இது உடனே பிடித்துப்போகும், எனக்கு அப்படித்தான் பிடித்தது.

இந்தக் கறுப்பின வேரை நேரடியாகக் கேட்க ரியானன் கிடன்ஸ் நல்ல ஆள். 2005இல் வட கரோலினாவின் பூன் ஊரில் கறுப்பினப் பேஞ்சோக்காரர்கள் கூடிய ஒரு சந்திப்பில் அறிமுகமான இளைஞர்கள் சேர்ந்து 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கிடன்ஸ். மெபேன் ஊரில் எண்பது வயதைத் தாண்டியிருந்த ஃபிடில்காரர் (ஃபிடில் என்பது வயலின்தான்) ஜோ தாம்ப்சன் வீட்டுக்கு வாரந்தோறும் போய் உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்கக் கூட வாசித்தே கற்றார்கள். 2010இல் வந்த அவர்களுடைய தொகுப்புக்குக் கிராமி கிடைத்தது. கிடன்ஸ் பின்னால் ஓர் ஆபெரா எழுதி, 2023இல் அதற்கு இசைக்கான புலிட்சர் பரிசை மைக்கேல் ஏபல்ஸோடு பகிர்ந்துகொண்டார். முதலில் சாக்லேட் டிராப்ஸைக் கேளுங்கள், பிறகு ஜோ தாம்ப்சனின் பதிவுகளைக் கேளுங்கள். அதே மெட்டில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று தெரியும்.

ஒரே பாட்டைப் பல ஆள் வழியாகக் கேட்பது இன்னும் சுவையான பயிற்சி. நான் வானொலியில் இதை அடிக்கடி செய்வேன். 'டாம் டூலி' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1866இல் வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்தில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொலையானார். உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பியிருந்த டாம் டூலா என்ற இளைஞரைப் பிடித்து, 1868 மே 1ஆம் தேதி ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கிலிட்டார்கள். டூலா என்ற பெயரை அந்தப் பக்கத்தில் டூலி என்றுதான் சொல்வார்கள். இதுவரை ஆவணத்தில் இருப்பது. கொலையை அவர் தனியாகத்தான் செய்தாரா, ஆன் மெல்டன் என்ற இன்னொரு பெண்ணுக்குப் பங்கு உண்டா என்பதில் அந்த ஊரில் இன்றைக்கும் ஒருமித்த பேச்சு கிடையாது. பாட்டு அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறது.

1929இல் கிரேசன், விட்டர் என்ற இருவர் பதிவு செய்ததை முதலில் கேளுங்கள். ஃபிடிலும் கிட்டாரும், கொஞ்சம் அவசரமான நடை. பாடும் கிரேசன், டூலாவைப் பிடிக்க உதவிய கிரேசனின் உறவு வழியில் வந்தவர். பாட்டுக்குள் வரும் பெயர் அவர் குடும்பப் பெயர். அடுத்து ஃபிராங்க் புராஃபிட். 1938இல் இவரிடமிருந்துதான் பாட்டைச் சேகரித்தார்கள். தானே செய்த பேஞ்சோவை வைத்துக்கொண்டு, செய்தி சொல்கிற குரலில் பாடுவார். மூன்றாவது கிங்ஸ்டன் டிரியோ, 1958. அமெரிக்கா முழுக்க முதலிடத்துக்குப் போனது இதுதான். பிசிறில்லாத மூன்று இளங்குரல்கள், மெதுவான நடை, சாவு வீட்டுக்குப் புதுச்சட்டை போட்டு வந்த மாதிரி. கேலி செய்யவில்லை. இந்தப் பதிவு இல்லையென்றால் மற்றவற்றை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். நான்காவது டாக் வாட்சன், 1964இல் வந்த பதிவு. அந்த மலையிலேயே, டீப் கேப்பில் பிறந்து வளர்ந்தவர், குழந்தைப் பருவத்திலிருந்தே பார்வை கிடையாது. அவர் பாடாந்தரத்தில் மெட்டே வேறு. ஊதல் வாத்தியமான ஹார்மோனிகாவோடு துள்ளிக்கொண்டு போகும், சோகம் அந்தத் துள்ளலுக்கு அடியில் கிடக்கும். நான்கையும் ஒரே மாலையில் கேட்டுவிட்டால், ஃபோக் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பாட்டுக்குள்ளேயே ஆளின் முகவரி இருந்த கதையும் உண்டு. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில இசைத்தட்டுகள் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் யாரும் தேடவில்லை. அவர் பாடிய ஒரு பாட்டில் ஆவலான் என்ற தன் ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தப் பெயரைப் பழைய வரைபடத்தில் கண்டுபிடித்து 1963இல் ஒரு சேகரிப்பாளர் அங்கே போனால், ஆள் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார். குரல் அப்போதும் பக்கத்துத் திண்ணையிலிருந்து பேசுகிறவர் குரலாகவே இருந்தது.

கண்ணாலும் கேட்க வேண்டிய ஒருவர் எலிசபெத் காட்டன். இடது கைக்காரர். வலது கைக்காரருக்குக் கட்டிய கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்துச் சின்ன வயதில் தானே கற்றுக்கொண்டார். அதனால் பெரும்பாலோர் கட்டை விரலால் கனத்த தந்திகளில் தாளம் பிடிக்கும்போது, இவர் ஆள்காட்டி விரலால் அதைச் செய்வார், கட்டை விரல் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கும். திருமணம், வேலை, தேவாலயத்தின் கண்டிப்பு என்று பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. பிறகு வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அது இசைக் குடும்பமான சீகர்களின் வீட்டுப் பெண். அந்த வீட்டிலேயே சமையலுக்கும் துணி தேய்க்கவும் வேலைக்குச் சேர்ந்தார். சுவரில் தொங்கிய கிட்டாரை ஒரு நாள் எடுத்தார். 1958இல் முதல் இசைத்தட்டு, 1985இல் கிராமி, அப்போது வயது தொண்ணூறை ஒட்டி. அந்தக் குடும்பத்துப் பாடகர் பீட் சீகர் 1965, 66இல் நடத்திய 'ரெயின்போ குவெஸ்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவர் வாசிக்கும் காட்சி யூடியூபில் இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தடவை கையை மட்டும் பாருங்கள், அப்புறம் ஒலியோடு பாருங்கள்.

உச்சரிப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பழைய பதிவுகளில் எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் பாதிதான் பிடிபட்டது. வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் தொகுப்புகளோடு வந்த குறிப்பேடுகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலவற்றில் பாட்டு வரிகளும், யாரிடமிருந்து யார் கற்றார் என்ற விவரமும் இருக்கும். ஆளிலிருந்து ஆளுக்குப் போகும் வழியை நான் கற்றது இந்தக் குறிப்பேடுகளில்தான். வார்த்தைக்காகவே கேட்க வேண்டுமென்றால் ஜான் பிரைனிடம் போங்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் தபால்காரராக இருந்தவர், கடிதம் போட்டுக்கொண்டே மனதில் பாட்டு எழுதியவர். 1971இல் வந்த முதல் தொகுப்பிலேயே, வயதாகித் தனித்துப்போன தம்பதியைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் எழுதியது. பள்ளிக்கூட ஆங்கிலமே போதும். 2020 ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டார். அந்த வாரம் அவர் பாட்டைத் தவிர வேறு எதையும் என்னால் கேட்க முடியவில்லை.

புதியவர்களைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழிகள் இரண்டு. ஒன்று, அமெரிக்கப் பொது வானொலியின் 'டைனி டெஸ்க்' பதிவுகள். 2008இல் தொடங்கியது. சத்தமான மதுக்கூடத்தில் லாரா கிப்சன் என்ற மெல்லிய குரல் பாடகியைக் கேட்க முடியாமல்போனவர்கள், அலுவலக மேசையிலேயே வந்து பாடச் சொன்னதில் பிறந்த நிகழ்ச்சி. அலங்காரமில்லாமல் கேட்டால் ஒருவரின் தரம் தெரிந்துவிடும். இன்னொன்று, விழாச் சுவரொட்டிகளில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள். மேலே பெரிய எழுத்தில் இருப்பவர்களை எப்படியும் கேட்டுவிடுவீர்கள். பொடி எழுத்துக்காரர்களில் ஒருவரைப் பிடித்துப்போனால், கையில் காசிருந்தால், அவர் தொகுப்பை விலைக்கு வாங்குங்கள். செயலியில் ஓடும் பாட்டிலிருந்து அவருக்குப் போவது மிகக் குறைவு.

ராலே பற்றி. ஏப்ரல் கடைசி என்றால் உங்களுக்கு நல்ல நேரம். வில்க்ஸ்போரோவில் அந்த வாரந்தான் மெர்ல்ஃபெஸ்ட் நடக்கும், நான்கு நாள். ராலேயிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். டாக் வாட்சனின் மகன் மெர்ல், அப்பாவுக்குத் துணையாக ஊரூராக வாசித்தவர், 1985இல் டிராக்டர் கவிழ்ந்து இறந்தார். அவர் நினைவாக 1988இல் தொடங்கியது இந்த விழா. பகலில் பெரிய மேடைக்குப் போகாதீர்கள், அது இரவுக்கு இருக்கட்டும். கல்லூரி வளாகம் முழுக்கச் சின்ன மேடைகள் இருக்கும். வாசிப்பவரின் விரல் தெரியும் தூரத்தில் உட்காரலாம். பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது, முடிந்த பிறகு போய்ப் பேசலாம், பெரும்பாலும் பேசுவார்கள். 'இதை யாரிடம் கற்றீர்கள்' என்று கேளுங்கள். நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு பேராவது கருவியை மறுபடி உறையிலிருந்து எடுத்து வாசித்தே காட்டினார்கள். மரத்தடிகளில் விருந்தினர்களே வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதையும் பார்ப்பீர்கள். வட்டத்துக்கு ஓரடி வெளியே நின்று கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு காலை நேரத்தை மட்டும் ஊருக்குள் போக ஒதுக்கிக்கொள்ளுங்கள். வில்க்ஸ்போரோதான் அந்த வில்க்ஸ் மாவட்டத்தின் தலைநகரம். டாம் டூலாவை விசாரணைக்கு முன் அடைத்து வைத்திருந்த பழைய செங்கல் சிறை அங்கே இன்னும் நிற்கிறது, உள்ளூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த நான்கு பதிவுகளையும் கேட்டுவிட்டுப் போங்கள்.